3500 கிலோ இழுக்கும் வண்டியும் 14 கிலோ முன்பாரமும்: வான் ரீனன் இறக்கத்தில் ஒரு விபத்து

ஆடி மாதம் கூழ் வார்க்கும் வேண்டுதலுக்காக டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஜோஹானஸ்பர்க் பக்கம் லெனேசியாவுக்கு ஒரு குடும்பம் போய்வந்தது. ஏழு பேர் உட்கார்ந்த பெரிய சொகுசு எஸ்யூவி. அதன் பின்னால் இரட்டை அச்சு கொண்ட, நான்கு பக்கமும் மூடிய ட்ரெய்லர். போகும்போது ட்ரெய்லரின் மொத்த எடை 2300 கிலோ. கடல் மட்டத்திலிருந்து வான் ரீனன் கணவாயில் ஏறத்தாழ 1700 மீட்டர் உயரம் வரை அதை இழுத்துக்கொண்டு ஏறியது வண்டி. ஒன்றும் நடக்கவில்லை. திரும்பி வரும்போது மளிகை எல்லாம் செலவாகி ட்ரெய்லர் 1400 கிலோவுக்கு இறங்கியிருந்தது. அப்போதுதான் அதே கணவாயின் இறக்கத்தில் ட்ரெய்லர் மூன்று முறை வீசி ஆடி, பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. எஸ்யூவி பாதி சுற்றித் திரும்பி அவசரத் தடத்தில் நின்றது. சிராய்ப்போடு எல்லோரும் தப்பினார்கள்.

ட்ரெய்லர்களையும், அவற்றை மாட்ட வண்டியின் பின்னால் பொருத்தும் டோ பார்களையும் சோதித்துப் பார்ப்பது என் தொழில். குடும்பத்தார் கேட்டதால் இதை முழுதாக ஆராய்ந்தேன். யாருடைய வண்டி, யார் ஓட்டினார் என்பதை எழுதாமல் விடுகிறேன். எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் ஒன்றுதான். பாரம் குறைந்த பயணத்தில், வண்டிப் பலகையில் இருந்த எந்த உச்ச வரம்பும் மீறப்படாத பயணத்தில் இது நடந்தது. நம்மவர்களில் பலர் இப்போது இதே மாதிரி வண்டிகளை வாங்கி, கேரவனும் படகும் சமையல் சாமானும் இழுத்துக்கொண்டு டர்பன்-ஜோஹானஸ்பர்க் என்3 நெடுஞ்சாலையில் போகிறார்கள்.

வண்டியும் ட்ரெய்லரும்

வண்டி ஐரோப்பியத் தயாரிப்பு, இரண்டாம் கையாக வாங்கியது. மூன்று லிட்டர் டர்போ டீசல் எஞ்சின், ஏர் சஸ்பென்ஷன், ஏழு இருக்கை. வெறும் வண்டியின் எடை, அதாவது டேர், 2520 கிலோ. ஆளும் பொருளும் ஏற்றி அதிகபட்சம் இருக்கலாம் என்ற ஜிவிஎம் 3250 கிலோ. பின் அச்சின் வரம்பு 1850 கிலோ. இழுக்கும் திறன் 3500 கிலோ. கொக்கியின் உருண்டை மேல் விழலாம் என்று அனுமதித்த எடை, அதாவது முன்பாரம், 140 கிலோ.

ட்ரெய்லரின் டேர் 780 கிலோ, ஜிவிஎம் 2200 கிலோ. அதில் இருந்தது உந்து பிரேக். முன்னால் போகும் வண்டி வேகம் குறைந்ததும் ட்ரெய்லர் வந்து, கொக்கியோடு மாட்டும் இணைப்பான கப்ளரை முட்டும். அந்த முட்டுவிசையே ட்ரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கும்.

எடைகளை எப்படித் தெரிந்துகொண்டோம் என்றால், சமையல் பொறுப்பை ஏற்றிருந்த அக்கா எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருந்தார். அரிசி எத்தனை மூட்டை, பருப்பு எத்தனை, சோள மாவு எத்தனை, எந்த அண்டா எந்தப் பக்கம் வைத்தது என்பது வரை. அதே அளவுள்ள இன்னொரு ட்ரெய்லரை எடுத்து, நோட்டில் இருந்தபடியே ஏற்றி, எடை மேடையில் அச்சு அச்சாக நிறுத்திப் பார்த்தோம். பின்னால் வந்த உறவினரின் காரில் கேமரா இருந்ததால் திரும்பி வந்த பயணத்துக்குப் படமும் கிடைத்தது. இவ்வளவு தெளிவான தடயம் இந்த வேலையில் அபூர்வம். அந்த அக்காவுக்கு நான் பெரிதும் கடன்பட்டிருக்கிறேன்.

3500 எங்கிருந்து வருகிறது

லேண்ட் க்ரூசர் 300, ரேஞ்ச் ரோவர், மெர்சிடஸ் ஜிஎல்எஸ், பிஎம்டபிள்யூ எக்ஸ்7 என்று எதை எடுத்தாலும் விளம்பரத் தாளில் 3500 கிலோ என்றே இருக்கும். எஞ்சின் வேறு, சட்டகம் வேறு, எடை வேறு. ஆனால் எண் ஒன்று. ஐரோப்பிய விதிகளில் உந்து பிரேக் பொருத்திய ட்ரெய்லருக்கான உச்ச வரம்பு 3500 கிலோ. அதற்கு மேல் போனால் வேறு வகை பிரேக் வேண்டும். ஆகவே வண்டி செய்கிறவர்கள் அந்த எல்லையில் வந்து நின்றுவிடுகிறார்கள். அந்த எடையோடு 12 சதவீத ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்று கிளம்ப வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது.

அமெரிக்காவில் கணக்கு வேறு. அங்கே வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஜே2807 என்ற தரமுறை. அரிசோனாவின் டேவிஸ் டாம் மலைச் சாலையில், கடும் வெயிலில், ஏசியை முழுதாக வைத்துக்கொண்டு ஏற வேண்டும். வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கக்கூடாது. ஜீப் வேகனியர் 10,000 பவுண்டு, அதாவது 4500 கிலோவைத் தாண்டிச் சொல்கிறது. லிங்கன் நேவிகேட்டர் 8700 பவுண்டு. ஆனால் இந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பதாக வைத்துக்கொள்வது ஓட்டுநரையும் ஒரு பயணியையும் மட்டுமே, தலைக்கு 68 கிலோ வீதம். நம் வீட்டுப் பயணத்தில் இருவர் மட்டும் போவது எப்போது?

இன்னொரு வேறுபாடும் இருக்கிறது. ஐரோப்பிய வழக்கில் ட்ரெய்லர் எடையில் குறைந்தது 4 சதவீதமாவது கொக்கி மேல் விழ வேண்டும். 3500-இல் 4 சதவீதம் 140. நம் வண்டியின் 140 கிலோ வரம்பு அந்த வழக்கத்தில் வந்தது. அமெரிக்க வழக்கில் 10 முதல் 15 சதவீதம். லேண்ட் க்ரூசர் 300 கொக்கியில் 350 கிலோ வரை தாங்கும். ஒரே 3500 என்று போட்ட இரண்டு வண்டிகளில் ஒன்று 140 தாங்கும், மற்றது 350 தாங்கும். வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி இது. கடையில் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

நம் நாட்டுச் சட்டம் மேலும் ஒன்றைச் சேர்க்கிறது. தென்னாப்பிரிக்கச் சாலை விதிகளின்படி ட்ரெய்லரின் ஜிவிஎம், இழுக்கும் வண்டியின் டேரைத் தாண்டினால் உந்து பிரேக் போதாது. ஓட்டுநர் பிரேக்கை மிதித்தால் ட்ரெய்லரிலும் நேரடியாகப் பிடிக்கும் முழு பிரேக் அமைப்பு வேண்டும். இந்த வண்டியின் டேர் 2520. ஆக வழக்கமான உந்து பிரேக் ட்ரெய்லரோடு இந்தக் குடும்பம் சட்டப்படி இழுக்கக்கூடியது 2520 கிலோ ஜிவிஎம் வரைதான். விளம்பரத் தாளின் 3500-இல் கிட்டத்தட்ட ஆயிரம் கிலோ இங்கேயே கழிந்துவிடுகிறது.

போகும் பயணம்

மூட்டைகள் எல்லாம் ட்ரெய்லரின் முன்பகுதியில் அடுக்கப்பட்டன. 900 கிலோ மளிகை, அச்சுகளின் நடுவிலிருந்து சராசரியாக 90 சென்டிமீட்டர் முன்னால். அண்டா, அடுப்பு, சிலிண்டர், மடக்கு மேசை எல்லாம் சேர்த்து 620 கிலோ, கொஞ்சம் பின்னால். கொக்கிமேல் விழுந்தது ஏறத்தாழ 240 கிலோ. வரம்பு 140.

இப்போது வண்டிக்குள் பார்ப்போம். ஏழு பேர் சேர்ந்து 510 கிலோ. டிக்கியில் பெட்டிகள் 90. கூரைப் பெட்டி 50. டோ பாரின் சொந்த எடை 40. கொக்கிமேல் 240. கூட்டினால் 930 கிலோ. வண்டி சுமக்கலாம் என்றிருப்பதோ 3250-இலிருந்து 2520-ஐக் கழித்து வரும் 730 மட்டும். 200 கிலோ அதிகம். கொக்கிமேல் விழும் எடையும் வண்டியின் சுமைக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. ஆளும் சாமானும் ஒரு கணக்கு, ட்ரெய்லர் வேறொரு கணக்கு என்று நினைக்கிறார்கள்.

அச்சுகளில் இன்னும் மோசம். கொக்கி பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருக்கிறது. இரு அச்சுகளுக்கும் இடையே 3.1 மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி கொக்கியில் 240 கிலோ இறங்கினால் பின் அச்சு 333 கிலோ சுமக்கும், முன் அச்சிலிருந்து 93 கிலோ தூக்கிவிடும். மேடையில் பின் அச்சு 2020 காட்டியது, வரம்பை விட 170 அதிகம். முன் சக்கரங்கள்தான் திருப்புகின்றன, பிரேக்கின் பெரும்பங்கையும் அவைதான் ஏற்கின்றன. அவற்றின் பிடி குறைகிறது.

பழைய பக்கி, அதாவது பிக்கப் வண்டி, ஒன்று இந்தப் பாரத்தை ஏற்றியிருந்தால் பின்புறம் தரையைத் தொடுவது போல அமுங்கியிருக்கும். விளக்கு வானத்தைப் பார்த்திருக்கும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் டவுன் ஹில் என்ற மலை ஏற்றத்தில் எஞ்சின் முனகியிருக்கும். ஓட்டுகிறவர் தானே ஓரங்கட்டி நாலு மூட்டையை இறக்கியிருப்பார். இந்த வண்டியில் ஏர் சஸ்பென்ஷன் பின்புறத்தை உயர்த்தி மட்டமாக நிறுத்திவிட்டது. மட்டமாக நின்றதே தவிர, முன் அச்சு இழந்த 93 கிலோ திரும்பி வரவில்லை. காற்றுப்பை உயரத்தைச் சரிசெய்யும், பாரத்தை இடம் மாற்றாது. எஞ்சினும் அப்படித்தான். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் பத்தில் ஒரு பங்கு பலத்தை இழக்கும். டர்போ அதை ஈடுசெய்துவிடும். கண்ணாடி இரட்டை, உள்ளே சத்தமே இல்லை.

ஓட்டியவரிடம், "அண்ணே, போகும்போது ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்ததா?" என்று கேட்டேன். "இல்ல தம்பி, வண்டி ஒண்ணுமே சொல்லலையே" என்றார். இந்த விபத்தின் சாரம் அந்தப் பதிலில் இருக்கிறது. சொகுசு வண்டியின் பொறியியல் முழுவதும் சாலையின் தொந்தரவு உள்ளே வராமல் தடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதிகப் பாரத்தின் அறிகுறியும் அந்தத் தொந்தரவுகளில் ஒன்றுதான். அதையும் சேர்த்தே அது தடுத்துவிடுகிறது.

திரும்பும் பயணம்

கூழ் ஊற்றி முடித்து, பாத்திரம் கழுவி, இருட்டுவதற்குள் கிளம்ப வேண்டும் என்ற அவசரத்தில் ட்ரெய்லரை ஏற்றினார்கள். மளிகை இருந்த முன்பகுதி காலி. பெரிய அண்டாக்களையும் அடுப்புகளையும் சிலிண்டர்களையும் உள்ளே வரை தூக்கிப்போக யாருக்கும் தெம்பில்லை. பின்கதவை ஒட்டியே வைத்துக் கட்டினார்கள். 300 கிலோ, அச்சுகளுக்கு 1.3 மீட்டர் பின்னால். மீதி 320 கிலோ, 70 சென்டிமீட்டர் முன்னால்.

வெறும் ட்ரெய்லரில் கொக்கிமேல் 60 கிலோ இருக்கும். கொக்கிக்கும் அச்சுகளின் நடுவுக்கும் இடையே 3.6 மீட்டர். பின்னால் வைத்த 300 கிலோ அதிலிருந்து 108-ஐக் கழித்தது. முன்னால் இருந்த 320 கிலோ 62-ஐக் கூட்டியது. மிஞ்சியது 14 கிலோ. 1400 கிலோ ட்ரெய்லருக்கு நூற்றில் ஒன்று.

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புதிதில்லை. பின்பாரமாக ஏற்றினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை விட்டு எழும்பும், வண்டி அடங்காது. இங்கே மாடு இருக்கும் இடத்தில் உருண்டைக் கொக்கி இருக்கிறது. வேகம் மணிக்கு 110 கிலோமீட்டர்.

மற்ற எல்லா எண்களும் இந்தப் பயணத்தில் வரம்புக்குள் இருந்தன என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். வண்டி 3224 கிலோ, வரம்பு 3250. ட்ரெய்லர் 1400, வரம்பு 2200. இழுக்கும் திறனில் பாதிகூட இல்லை. எந்த அதிகாரி நிறுத்தி எடை போட்டிருந்தாலும் போகச் சொல்லியிருப்பார்.

கேமராப் படத்தில், கணவாய்க்கு முன்னால் வரும் ஹாரிஸ்மித் ஊரைத் தாண்டிய சமவெளியிலேயே ட்ரெய்லர் லேசாக வாலாட்டுவது தெரிகிறது. ஆடும், அடங்கும். பின்னால் வந்தவர் விளக்கைப் போட்டுக் காட்டினார். வழி கேட்கிறார் என்று நினைத்து எஸ்யூவி ஒதுங்கிக் கொடுத்தது. ட்ரெய்லரின் ஆட்டம் எப்போதும் கொஞ்சம் இருக்கும். டயரின் பிடி அதை அடக்கிக்கொண்டே இருக்கும். வேகம் ஏற ஏற அந்த அடக்கும் சக்தி குறையும். ஒரு வேகத்துக்கு மேல் ஆட்டம் தானாக அடங்காது, ஒவ்வொரு வீச்சும் முந்தையதை விடப் பெரிதாகும். பின்பாரம் அந்த வேகத்தைக் கீழே கொண்டுவந்துவிடுகிறது. பாரத்தை இரு முனைகளில் குவிப்பதும் அதே தீமையைச் செய்யும். நடுவில் குவித்தால் ட்ரெய்லர் சீக்கிரம் அடங்கும்.

கணவாய் இறக்கத்தில் இடப்பக்கத் தடத்தில் லாரிகள் தாழ்ந்த கியரில் ஊர்ந்துகொண்டிருந்தன. எஸ்யூவி வலப்பக்கம் தாண்டிப் போனது. ஒரு நீண்ட லாரியின் மறைவிலிருந்து வெளிவந்ததும் ஆகஸ்ட் மாதக் குறுக்குக் காற்று ட்ரெய்லரின் தட்டையான பக்கத்தில் அடித்தது. முதல் வீச்சு. ஓட்டியவர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பினார், அதற்குள் ட்ரெய்லர் திரும்பி வந்துவிட்டது. திருத்தம் வீச்சோடு சேர்ந்து அதைப் பெரிதாக்கியது. பிறகு பிரேக்கை அழுத்தினார். முன்னால் போகும் வண்டி சட்டென்று மெதுவாகும்போது பின்னால் இருக்கும் பாரம் அதைத் தள்ளும். நேர்கோட்டில் தள்ளினால் பரவாயில்லை. கோணலாக இருக்கும்போது தள்ளினால் மடிந்துவிடும்.

அந்த நொடியில் செய்ய வேண்டியது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராக இறுகப் பிடித்து, வேகம் தானாக இறங்க விடுவது. சொல்வது எளிது. பழகாத யாருக்கும் கை கேட்காது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

விழித்திருக்க வேண்டிய கருவி

இந்த வகை வண்டிகளில் ட்ரெய்லர் ஆட்டத்தை உணர்ந்து, சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து அடக்கும் வசதி உண்டு. இந்த வண்டியிலும் உண்டு. அது ஏன் வேலை செய்யவில்லை என்பதற்காகத்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன்.

வண்டியை வாங்கிய பிறகு டோ பாரை இங்கே ஒரு பட்டறையில் பொருத்தியிருக்கிறார்கள். இரும்பு வேலை நல்ல வேலை, வெல்டிங்கில் குறை இல்லை. ஆனால் மின்கம்பியை வண்டியின் பின்விளக்குக் கம்பியிலேயே சேர்த்து, ஏழு முனைச் சாக்கெட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். விளக்கு எரியும், இண்டிகேட்டர் மின்னும். ஆனால் ட்ரெய்லர் மாட்டியிருக்கிறது என்று வண்டியின் கணினிக்குச் சொல்ல வேண்டிய கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்தப்படவே இல்லை, மென்பொருளிலும் பதியப்படவில்லை. வண்டியைப் பொறுத்தவரை பின்னால் ஒன்றும் கிடையாது. ஆட்டத்தை அடக்கும் வசதி தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் ரிவர்ஸ் சென்சார் கத்திக்கொண்டே இருந்தது, அதைக் கையால் அணைத்துவைத்தோம் என்று வீட்டார் சொன்னார்கள். ட்ரெய்லரை வண்டி அறிந்திருந்தால் அந்தச் சென்சார் தானே அணைந்திருக்கும். அதுதான் தடயம். ட்ரெய்லரை மாட்டியதும் டாஷ்போர்டில் அதற்கான குறி வருகிறதா என்று இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து இன்றே பாருங்கள்.

அந்த வசதி இயங்கியிருந்தால் விபத்து நடந்திருக்காது என்று சொல்ல மாட்டேன். 14 கிலோ முன்பாரத்தோடு 110 வேகத்தில் அதுவும் தோற்றிருக்கலாம். ஆனால் சமவெளியில் லேசாக ஆடியபோதே அது எழுந்து, டாஷ்போர்டில் விளக்கு மின்னியிருக்கும். ஓட்டுநருக்கு அந்த ஒரு தகவலாவது போய்ச் சேர்ந்திருக்கும்.

ட்ரெய்லர் பிரேக்கில் இடதும் வலதும் கொஞ்சம் ஏற்றத்தாழ்வாக இருந்தது. டயர்களுக்கு வயதாகியிருந்தது. இரண்டையும் மாற்றச் சொன்னேன், ஆனால் காரணம் அவை இல்லை.

உரிமம் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஓட்டியவரிடம் இருந்தது கோட் 10, அதாவது சி1. லாரி ஓட்டவே அனுமதி இருக்கும்போது இந்த ட்ரெய்லருக்கு என்ன என்பது நம்மூரில் பரவலான எண்ணம். சி1 உரிமமும் காருக்கான பி உரிமமும் 750 கிலோ ஜிவிஎம் வரையிலான ட்ரெய்லருக்குத்தான். அதற்கு மேல் என்றால் கார், பக்கி, எஸ்யூவிக்கு இபி என்ற ட்ரெய்லர் உரிமம் வேண்டும். ட்ரெய்லர் காலியாக இருந்தாலும் பலகையில் எழுதிய ஜிவிஎம்தான் கணக்கு. காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்டது உரிமத்தின் நகலை.

மாற்றி ஏற்றிப் பார்த்தது

அதே 620 கிலோவை வைத்து இன்னொரு சோதனை செய்தோம். கதவோரம் இருந்த 300 கிலோவை அச்சுகளுக்கு மேலே, பத்து சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினோம். கொக்கிமேல் 14 இருந்தது 130 ஆனது. 140-க்குள், ட்ரெய்லர் எடையில் 9 சதவீதம். ஒரு ராண்ட் செலவில்லை, இரண்டு பேர் அண்டாவைத் தூக்கி நாலைந்து அடி உள்ளே வைத்தார்கள், அவ்வளவுதான். போகும் பயணத்துக்கும் அதே வழி. மளிகையை முழுக்க முன்சுவரில் சாய்க்காமல் நடுப்பக்கம் இழுத்தால் 240 என்பது 117 ஆகிறது. அப்போதும் வண்டியில் 77 கிலோ அதிகம், ட்ரெய்லரில் 100 கிலோ அதிகம்.

பின்னால் வரும் உறவினர் காரில் இடம் இருந்தது. அடுத்த ஆடிக்கு இரண்டு பேர் அதில் வருவதாக முடிவு. அரிசியில் நான்கு மூட்டையை லெனேசியாவிலேயே வாங்கிக்கொள்வார்கள். கொக்கி எடை பார்க்கும் சிறு தராசு ஒன்றை அக்கா வாங்கிவிட்டார், நோட்டில் அதற்கு ஒரு பத்தியும் போட்டுவிட்டார். ட்ரெய்லரின் தரையில் அச்சுகளுக்கு நேர் மேலே மஞ்சள் பெயின்டில் கோடு போட்டிருக்கிறார்கள். கனமானதெல்லாம் அந்தக் கோட்டைத் தொட்டு முன்னால். கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்தி மென்பொருளிலும் பதிந்தாகிவிட்டது, டாஷ்போர்டில் குறி வருவதை நானே பார்த்தேன். ட்ரெய்லர் மாட்டினால் 90-க்கு மேல் போவதில்லை என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள். இபி தேர்வுக்குத் தேதி வாங்கியாயிற்று.